முகத்திரையை விலக்கச் சொல்லும் உரிமை யாருக்கு?

கேள்வி: வழக்கறிஞர் அவர்களே, ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் வசிக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து வெளியே போனால் நிகாப் அணிவேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, என் விருப்பம்தான். போன மாதம் அடகு நகையைத் திருப்ப வங்கிக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற காவலாளி, "மூஞ்சியைக் காட்டிட்டு உள்ள போம்மா" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். உள்ளே பெண் ஊழியரிடம் காட்டுகிறேன் என்றேன். அதெல்லாம் முடியாது என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். பொது இடத்தில் முகம் மூடக்கூடாது என்று இங்கேயும் சட்டம் வரப்போகிறது, வெளிநாடுகளில் வந்தாயிற்று என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் நான் என்ன செய்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தலைக்கு முக்காடு போடுவாள். முகத்தை மூட அவளுக்கு இஷ்டமில்லை. நிகாப் போடாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்கிறார் அவளுடைய வாப்பா. நான் எந்தப் பக்கம் நிற்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, பொது இடத்தில் பெண்கள் முகத்திரை அணிவதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமும் இல்லை. தெருவில், பேருந்தில், கடைவீதியில், மருத்துவமனையில் நீங்கள் நிகாப் அணிந்து நடமாடுவது குற்றமல்ல. அதை அணிந்திருக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைத் தடுத்து நிறுத்த எந்தத் தனிநபருக்கும் அதிகாரம் கிடையாது.

நாளைக்கே ஒரு மாவட்ட ஆட்சியரோ கல்லூரி முதல்வரோ ஒரு சுற்றறிக்கை போட்டு ஊருக்கே தடை என்று சொல்லிவிட முடியாது. உடை என்பது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்துக்குள் வரும் என்று திருநங்கையர் உரிமை பற்றிய 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். இந்த உரிமைகளில் கைவைக்க வேண்டுமானால் முறையாக இயற்றிய சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டாத கட்டுப்பாடாகவும் இருக்க வேண்டும். நாடு முழுக்க எல்லாத் தெருவிலும் தடை என்ற சட்டம் இந்த மூன்றாவது சோதனையில் தேறாது என்பது என் உறுதியான கருத்து.

மத உரிமையைச் சொல்லி வாதாடலாமே என்று பலர் கேட்பார்கள். அந்த வழியில் முதலில் போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். 25ஆவது பிரிவின்கீழ் வந்தால், முகம் மூடுவது மதத்தின் இன்றியமையாத நடைமுறையா என்று நீதிமன்றம் கேட்கும். 1954 ஷிரூர் மடம் வழக்கிலிருந்து வரும் சோதனை அது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 2006இல் இந்தக் கேள்வி வந்தது. புகைப்படம் ஒட்டிய வாக்காளர் பட்டியலில் கோஷா (முகம் மறைக்கும் வழக்கமுள்ள) பெண்களின் முகம் இடம்பெறுவதை எதிர்த்து அஜ்மல் கான் என்பவர் தொடர்ந்த வழக்கு அது. முகத்தை மூடுவது இஸ்லாத்தில் கட்டாயம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை, மனு தள்ளுபடியானது. 2010இல் உச்ச நீதிமன்றமும் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் பலம் வேதவசனத்தில் இல்லை. உங்கள் உடலும் உடையும் உங்கள் முடிவு என்ற குடிமகளின் உரிமையில் இருக்கிறது.

அந்த உரிமைக்கும் எல்லை உண்டு. நீங்கள் யார் என்று தெரிந்தே ஆக வேண்டிய இடங்களில் முகத்தைக் காட்டத்தான் வேண்டும். பாஸ்போர்ட், ஆதார், வாக்காளர் அட்டை ஆகியவற்றின் படத்தில் முகம் முழுதாகத் தெரிய வேண்டும், தலைமுக்காடு இருக்கலாம். விமான நிலையச் சோதனையில், தேர்வு அறையில், நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் மறுக்க முடியாது. 2024இல் முகத்தை மூடி வாதாட வந்த ஒரு பெண்ணின் வாதத்தைக் கேட்க ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் மறுத்தது. வழக்கறிஞருக்கான உடை விதிகளில் அதற்கு இடமில்லை என்றும் பதிவு செய்தது. அது சரியான முடிவு. யார் வாதாடுகிறார் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்தாக வேண்டும்.

அப்படியானால் சட்டம் கவனிப்பது எதை? யாரிடம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்பதை. வாக்குச்சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 34ஆவது விதி, பெண் வாக்காளர்களுக்கு உதவ ஒரு பெண்ணை நியமிக்க வழி செய்கிறது. புர்கா அணியும் பெண்கள் கணிசமாக உள்ள சாவடிகளில், பெண் அலுவலரே தனி மறைப்புக்குள் வைத்து அடையாளம் பார்த்து, விரலில் மை வைக்க வேண்டும் என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்கான கையேட்டில் அறிவுறுத்தல் இருக்கிறது. மறைப்பு என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. மூலையில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினாலே போதும். நீங்கள் உள்ளே போய், திரையை விலக்கி, அலுவலர் பட்டியலில் உள்ள படத்தோடு ஒத்துப் பார்த்ததும் மூடிக்கொண்டு வந்துவிடலாம். அரை நிமிட வேலை.

கட்சி முகவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இவர் அந்த வாக்காளர் அல்ல என்று ஒரு முகவருக்குச் சந்தேகம் வந்தால், 36ஆவது விதிப்படி தலைமை அலுவலரிடம் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அந்த அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரித்து முடிவு சொல்வார். வேண்டுமென்றே செய்த வெற்று ஆட்சேபம் என்று தெரிந்தால் அந்தப் பணம் பறிமுதல். முகவரின் அதிகாரம் அவ்வளவுதான். உங்களைப் பார்த்து "திரையை எடு" என்று சொல்ல அவருக்கு உரிமையே கிடையாது. 2022 பிப்ரவரியில் மேலூர் நகராட்சித் தேர்தலின்போது ஒரு கட்சி முகவர் ஹிஜாப் (தலைமுக்காடு) அணிந்து வந்த பெண்ணை எதிர்த்துக் கூச்சல் போட்டார். மற்றக் கட்சி முகவர்களே அவரைக் கண்டித்தார்கள். அவர் சாவடியை விட்டு வெளியேற்றப்பட்டார், பிறகு கைதும் ஆனார். 2024 மே மாதம் ஹைதராபாத்தில் ஒரு வேட்பாளரே சாவடிக்குள் புகுந்து, புர்கா அணிந்த பெண்களின் முகத்தைப் பார்த்து அடையாள அட்டையைச் சரிபார்த்தபோது அவர் மேல் வழக்குப் பதிவானது.

இப்படி இடம் ஒதுக்கிக் கொடுப்பது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையைச் சென்னைவாசிகள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் போகாத பெண்களுக்காகவே 1885இல் தொடங்கியது அது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆவது பிரிவை இளைய வழக்கறிஞர்கள் பலர் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊர் வழக்கப்படி பொதுவில் வராத பெண்கள் நீதிமன்றத்துக்கு நேரில் வரத் தேவையில்லை என்கிறது அந்தப் பிரிவு. ஆணையரை வீட்டுக்கு அனுப்பி வாக்குமூலம் வாங்கலாம். எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. அந்நாளில் வீட்டுப் படி தாண்டாத இந்துக் குடும்பப் பெண்களுக்கும் அது பொருந்தியது.

இனி வங்கிக்கு வருவோம். நகைக் கடன் என்பதால் அடையாளம் பார்க்கத்தான் வேண்டும். அந்த நகை வேறொருவர் கைக்குப் போகாமலிருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. பெண் ஊழியரிடம் காட்டுகிறேன் என்று நீங்கள் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்தது. அதை மறுத்ததும், நாலு பேர் முன்னால் சத்தம் போட்டதும் வங்கியின் தவறு. மதத்தின் பேரில் வாடிக்கையாளரிடம் பாகுபாடு கூடாது என்று ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. ஹெல்மெட், முகமூடி, நிகாப் எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்று நகைக்கடைகள் போர்டு வைப்பதைப் பார்க்கிறேன். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்து, பெண் ஊழியர் தனியாகப் பார்க்கும் வசதியும் இருந்தால் அதில் குறை சொல்ல மாட்டேன். மதத்தை மட்டும் காரணமாக வைத்துக் கடைக்குள் விடமாட்டேன் என்றால், அரசியலமைப்பின் 15(2) பிரிவு குறுக்கே நிற்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வெளிநாட்டுச் செய்தியில் உண்மை இருக்கிறது. பொது இடத்தில் முகம் மூடத் தடைவிதித்து பிரான்ஸ் 2010இல் சட்டம் இயற்றி 2011 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. அபராதம் 150 யூரோ வரை. பெல்ஜியம், ஆஸ்திரியா, டென்மார்க் பின்தொடர்ந்தன. சுவிட்சர்லாந்தில் 2021இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. 51 சதவீதம் சொச்சம் பேர் ஆதரிக்க, 2025 ஜனவரி முதல் தடை அமலில் இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் சொன்னதை நம் ஊரில் தடை கேட்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும். பாதுகாப்பு என்ற காரணத்தையும், பெண்களின் சமத்துவம் என்ற காரணத்தையும் அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. மக்கள் முகம் பார்த்துக் கூடி வாழ்வது என்ற ஒரே காரணத்தில்தான் சட்டம் தப்பியது. 2018இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அதே சட்டம் இரண்டு பெண்களின் உரிமையை மீறியதாக முடிவு சொன்னது. கூடி வாழச் சொல்லி இயற்றிய சட்டம், அபராதத்துக்குப் பயந்த பெண்ணை வீட்டுக்குள்தான் தள்ளும். அவள் கூட்டத்தில் சேர்வது எப்படி?

நமக்கு நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அந்த மாதக் கடைசியில் அவசரகால விதியின்கீழ் முகம் மூடத் தடை வந்தது. நாடே நடுங்கிக்கிடந்த நேரம். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. தடை முகத்துக்கு மட்டும்தான். ஆனால் முகம் திறந்து, தலையில் முக்காடும் உடம்பில் அபாயா எனும் நீள அங்கியும் அணிந்த பெண்களையும் மருத்துவமனையிலும் அலுவலகங்களிலும் தடுத்தார்கள். தமிழ் பேசும் ஆசிரியைகளும் நோயாளிகளும் வாசலில் நின்றார்கள். ஆகஸ்டில் அவசரநிலை முடிந்தபோது தடையும் காலாவதியானது. எழுத்தில் ஒரு சாண் அளவுக்குத் தடை போட்டால் வாசல் காவலாளி அதை ஒரு முழமாக்கிவிடுவார் என்பதை நீங்களே அந்த வங்கி வாசலில் பார்த்துவிட்டீர்கள்.

உங்கள் மகளின் விஷயத்துக்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். உங்கள் கடிதத்திலேயே அவசரமானது அதுதான். கல்லூரிக்குத் தலைமுக்காடு வேறு, முகத்திரை வேறு. கல்வி நிலையங்களில் ஹிஜாபுக்கு விதித்த தடை பற்றிய கர்நாடக வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். தடையை ஏற்காத நீதிபதி சுதான்ஷு தூலியா, மாணவியின் விருப்பத்தையும் படிப்பையும் முன்னால் வைத்தார். 2024 ஆகஸ்டில் மும்பைக் கல்லூரி ஒன்றின் ஹிஜாப் தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதே நேரம் வகுப்பறைக்குள் புர்காவுக்கு இடமில்லை என்றும் சொன்னது. ஆகவே உங்கள் மகள் முக்காடு போட்டு முகம் திறந்து வகுப்பில் உட்கார விரும்புவது, இந்த வழக்குகளின் போக்கோடு ஒத்தே இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு என்பதால் அவளுக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். என்ன உடுத்துவது என்பது அவள் முடிவு. நிகாபைப் போடாவிட்டால் படிப்பை நிறுத்துவேன் என்று தகப்பன் சொல்வது சட்டத்தின் கண்ணில் வீட்டு விஷயம் மட்டுமல்ல. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மகளும் பாதுகாப்புக்கு உரியவள். அதன் 2006 விதிகளோடு இணைத்த புகார்ப் படிவத்தில், கல்லூரிக்குப் போகவிடாமல் தடுப்பது மனரீதியான வன்முறைகளில் ஒன்றாக அச்சிட்டே இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பத்தியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நிகாப் அணிவது உங்கள் விருப்பம் என்று எனக்கு எழுதினீர்களே, அந்த விருப்பத்தை நான் முழுதாக மதிக்கிறேன். அதே விருப்பம் மகளுக்கும் உண்டு. காவலாளி உங்களிடம் செய்ததையும், வாப்பா அவளிடம் செய்வதையும் ஒரே அளவுகோலால்தான் அளக்க முடியும். மகள் பக்கம் நில்லுங்கள்.

தெருவில் யாராவது உங்கள் திரையில் கைவைத்தால் தயங்காமல் 112ஐ அழையுங்கள். பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்தோடு கைவைத்தால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆவது பிரிவின்கீழ் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. 2023 மார்ச்சில் வேலூர்க் கோட்டையில் ஒரு பெண்ணின் ஹிஜாபை எடுக்கச் சொல்லி மிரட்டிப் படம்பிடித்தவர்கள் ஏழு பேர் கைதானார்கள். காவல்துறை உங்கள் அடையாளம் பார்க்க வேண்டியிருந்தாலும் பெண் காவலரை வரச்சொல்லிக் கேளுங்கள். பெண்ணை உடல் சோதனை செய்ய வேண்டுமானால், கண்ணியத்தோடு, இன்னொரு பெண்தான் செய்யலாம்.

வங்கி விஷயத்தில் நாளைக் கடத்த வேண்டாம். வாசல் கேமராப் பதிவுகளை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். நடந்த நாளும் நேரமும் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி கிளை மேலாளருக்கு இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். பெண் ஊழியர் தனியாகப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும் என்றும், காவலாளி நடந்துகொண்ட விதத்துக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது, சேவை இலவசம். பெண் வழக்கறிஞரே வேண்டும் என்று கேட்கவும் தயங்காதீர்கள். தொலைபேசி எண் 15100.