சூடெல்லாம் எங்கே போயிற்று?

கேள்வி: எங்கள் ஊர் மைக்செட்காரரின் பழைய ஆம்ப்ளிஃபயரைத் தொட்டாலே கை சுடும். அதன் அலுமினிய ஹீட் சிங்க்கைத் தூக்கவே ஓர் ஆள் வேண்டும். இப்போது வாங்கியிருக்கும் ‘கிளாஸ்-டி’ ஆம்ப்ளிஃபயர் சின்னதாக இருக்கிறது, சூடும் குறைவு. இது எப்போது வந்தது? அந்தச் சூடெல்லாம் எங்கே போயிற்று?
- வாசகர், தேவகோட்டை

பதில்: யோசனை பழையது. 1950களிலேயே பிரிட்டன் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் இதை முன்வைத்தார் என்பார்கள். 1964இல் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் ‘எக்ஸ்-10’ என்ற பெயரில், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் கிட்டாக விற்றது. 10 வாட் என்றது விளம்பரம். கிடைத்தது சுமார் இரண்டரை வாட். சின்க்ளேரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆன், ஆஃப் என்று ஓயாமல் மாறும் இந்த வேலைக்கு வேண்டிய வேகம் அன்றைய டிரான்சிஸ்டர்களிடம் இல்லை. 1970களின் பிற்பகுதியில் பவர் மாஸ்ஃபெட்கள் என்ற வேகமான டிரான்சிஸ்டர்கள் வந்த பிறகுதான் வழி பிறந்தது.

பழைய வகையில் டிரான்சிஸ்டர் வேலை செய்யும்போது அரைகுறையாகத்தான் திறந்திருக்கும். அதன் மேல் வோல்டேஜும் நிற்கும், கரண்டும் ஓடும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சூடு. கிளாஸ்-டியில் மேலும் கீழுமாக இரண்டு மாஸ்ஃபெட்கள் மாறி மாறி வேலை செய்யும்; ஒவ்வொன்றும் முழுதாக ஆன், இல்லையேல் முழுதாக ஆஃப். ஆனில் வோல்டேஜ் ஏறக்குறைய இல்லை. ஆஃபில் கரண்ட் இல்லை. பழைய வகைகளில் ஒன்றான கிளாஸ்-பியின் செயல்திறன் கணக்குப்படியே 78.5 சதவீதத்தைத் தாண்டாது. கிளாஸ்-டி 90 சதவீதத்தைத் தொடும்.

மிச்சச் சூடு ஒளிந்திருப்பது, ஆனிலிருந்து ஆஃபுக்கு மாறும் அந்தக் கணத்தில். விநாடிக்குச் சில லட்சம் முறை மாறும்போது அந்தக் கணங்கள் சேர்ந்து பெரிதாகிவிடும். மேல் மாஸ்ஃபெட் அணைந்து கீழ் மாஸ்ஃபெட் திறப்பதற்குள் சில பத்து நானோவிநாடி இடைவெளி விட்டாக வேண்டும். அது போதாவிட்டால் இரண்டும் ஒன்றாகத் திறந்து, சப்ளையே ஷார்ட் ஆகும். அதிகம் விட்டால் பாட்டு கரகரக்கும். ஒரு நல்ல வடிவமைப்பாளரின் கைவண்ணம் தெரியும் இடம் இதுதான் என்பேன்.

இன்னொரு சிக்கல்: மாஸ்ஃபெட் சூடேறினால் அதன் மின்தடையும் ஏறும். 150 டிகிரியை நெருங்கும்போது சுமார் இரு மடங்காகிவிடும்; சூடு சூட்டை வளர்க்கும். அதனால்தான் பல சிப்கள் அந்த அளவில் தாமாகவே நின்று, ஆறியபின் மறுபடி ஓடுகின்றன. ஷார்ட்டுக்குத் தனிக் காவல் உண்டு. அது சில மைக்ரோவிநாடிக்குள் துண்டித்துவிடும். மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட்டாகிச் செத்தால் டிசி நேராக ஸ்பீக்கருக்குப் போய்க் காயிலை எரித்துவிடும். டிசி காவல் இல்லாத செட்டை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்காதீர்கள்.

திருவிழா நடுவில் பாட்டு அடிக்கடி நின்று நின்று வந்தால் ஆம்ப்ளிஃபயரைத் திட்டுவதற்கு முன் ஸ்பீக்கர் வயர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு 8 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலில் சேர்த்தால் 4 ஓம். வால்யூமை மாற்றாவிட்டால் கரண்ட் இரண்டு மடங்கு. மாஸ்ஃபெட்டின் மின்தடையில் எழும் சூடு நான்கு மடங்கு.