மின்னழுத்தம்: பொருளும் கணக்கும்

நம் கடைகளில் விற்பனையாகும் மின்பொருட்களின் பின்புறத்தில் "220–240 வோல்ட்" என்று அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். அது எதன் அளவு என்று கேட்டால், கரண்டின் அளவு என்று பலர் விடை கூறுவர். அது சரியன்று. மின்னோட்டத்தின் அளவு ஆம்பியர். வோல்ட் என்பது மின்னழுத்தத்தின் அளவு.

மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டி உயரத்தில் இருப்பதால் கீழே குழாயில் நீர் பாய்கிறது. உயர வேறுபாடு இல்லையேல் பாய்ச்சல் இல்லை. அவ்வாறே, இரண்டு இடங்களுக்கிடையே அழுத்த வேறுபாடு இருந்தால்தான் மின்சாரம் ஓடும். சரக்கைக் கிலோவால் அளப்பதுபோல் மின்னூட்டத்தைக் கூலும் என்னும் அளவையால் அளக்கிறோம். ஒரு கூலும் மின்னூட்டத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்த ஒரு ஜூல் வேலை தேவைப்படின், அவ்விரு இடங்களின் வேறுபாடு ஒரு வோல்ட். 1800-ல் மின்கலத்தைச் சமைத்த இத்தாலிய அறிஞர் வோல்ட்டாவின் பெயரே இவ்வளவைக்குச் சூட்டப்பட்டது.

கணக்கு எளிது. வேலையை மின்னூட்டத்தால் வகுக்க வேண்டும். 4 கூலும் நகர 48 ஜூல் வேலை ஆயின், 48-ஐ 4-ஆல் வகுக்க 12 வோல்ட். மோட்டார் கார் பாட்டரியின் அளவு இதுவே.

இனி நமக்கு நேரே பயன்படும் கணக்கு ஒன்று. ஜாசினிலோ அலோர்காஜாவிலோ கடை நடத்தும் ஒருவர், பின்கட்டுக் கிடங்கிற்கு நீண்ட மெல்லிய கம்பியை இழுத்து ஐஸ் பெட்டியையும் பிற சாமான்களையும் இணைக்கிறார் என்று கொள்வோம். போக வரக் கம்பியின் தடை 2 ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியர். இரண்டையும் பெருக்க 20 வோல்ட்; இது வழியிலேயே இழப்பாகிறது. இந்நாட்டில் 2008 ஜனவரி முதல் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். அதற்கு முன் 240. ஆகவே கிடங்கில் கிடைப்பது 210 வோல்ட் மட்டுமே. மோட்டார் திணறும். அத்துடன் 20-ஐ 10-ஆல் பெருக்க 200 வாட் சூடு கம்பியிலேயே பிறக்கிறது. அதற்கும் நாம் பணம் கட்டுகிறோம். தீ விபத்துக்கும் அது வழிகோலும். கம்பியின் குறுக்குப் பரப்பு இருமடங்கானால் தடை பாதியாகும். இழப்பும் 10 வோல்ட்டாகும். தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இவ்வேலையைச் செய்தல் நலம்.

ஒற்றைக் கம்பியில் அமர்ந்த பறவைக்குத் தீங்கில்லை. அதன் இரு கால்களும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் உள்ளன. ஆனால் தோட்டப்புறங்களில் 11,000 வோல்ட் கம்பி மழைக்காற்றில் அறுந்து விழுந்தால் நிலைமை வேறு. தரையின் அழுத்தம் விழுந்த இடத்தில் மிகுந்தும், விலக விலகக் குறைந்தும் இருக்கும். எட்டி நடப்பவரின் இரு கால்களுக்கிடையே உண்டாகும் வேறுபாடு உடலினூடே மின்சாரத்தைச் செலுத்தும். எனவே எவரையும் அருகில் விடாமல் தெனாகா நேஷனலுக்குத் தகவல் கொடுங்கள். ஏற்கெனவே அருகில் இருப்பவர், பாதங்களைச் சேர்த்து வைத்துச் சிறுகச் சிறுக நகர்ந்து விலக வேண்டும்.

அன்பர்களே, இதனைக் கடைப் பணியாளருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.