பால் ஊற்றுகிறவர் நின்றுவிட்டால்?
வீடியோ செயலிகள் நமக்குச் சொல்லும் பாடம்



சென்ற மாதம் மணவூரில் ஒரு குழுக் கூட்டத்தில் நாங்கள் கலந்துகொண்டோம். சேமிப்பு வசூல் முடிந்து கடன் கேட்பு வந்தது. ஊறுகாயும் கேழ்வரகு மாவும் செய்து விற்கும் ஒரு உறுப்பினர் 12,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டார். "நல்ல கேமரா இருக்கிற போன் வாங்கணும்க்கா. வீடியோ போட்டா ஆர்டர் வருது" என்றார்.

உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "போனுக்கெல்லாமா கடன் கொடுப்பாங்க?" என்றார் ஒருவர். "மாட்டுக்குக் கொடுக்கறோம், தையல் மிஷினுக்குக் கொடுக்கறோம். இதுவும் தொழில்தானே" என்றார் இன்னொருவர். அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "டிக்டாக்குன்னு ஒண்ணு ஒரே ராத்திரியில காணாம போச்சே. இதுவும் அப்படிப் போயிட்டா கடனை யாரும்மா கட்டுவாங்க?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்துவிட்டு இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

வெளியிலிருந்து வந்த பூட்டு

பெரியம்மா சொன்னது நடந்த கதைதான். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னது. சில வாரங்களிலேயே அந்தத் தடையை நீக்கியது. அப்போதே அது ஒரு எச்சரிக்கை மணி. பிறகு 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. நம் நாட்டில் ஏறக்குறைய 20 கோடி பேர் அதைப் பயன்படுத்தியதாக அன்று செய்திகள் வந்தன. வயல் வேலைக்கு நடுவில் ஆடிப் பாடிய பெண்களும் அதில் உண்டு. வீடியோ பார்த்தவர் வேறு செயலிக்குப் போய்விட்டார். வீடியோ போட்டுப் பெயர் வாங்கியவர்தான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

உள்ளிருந்தே வந்த சரிவு

அரசு தடை போடாமலே மூடிய செயலியும் உண்டு. அமெரிக்காவில் வைன் என்று ஒன்று இருந்தது. குடிக்கிற ஒயின் இல்லை. ஆங்கிலத்தில் 'கொடி' என்று அர்த்தம். ட்விட்டர் நிறுவனம் 2012ல் இதை விலைக்கு வாங்கி, 2013 ஜனவரியில் வெளியிட்டது. ஒரு வீடியோ 6 விநாடிதான். முடிந்ததும் திரும்பத் திரும்ப ஓடும். கொஞ்ச நாளில் உலகமே பார்த்துச் சிரித்தது. ஆனால் 2016 அக்டோபர் 27 அன்று மூடப்போவதாக அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் மூடியே விட்டார்கள். நாலே வருஷம்!

ஏன்? போட்டி வந்தது ஒரு காரணம். 2013 ஜூனிலேயே இன்ஸ்டாகிராம் 15 விநாடி வீடியோவைக் கொண்டுவந்தது. ட்விட்டருக்கே பண நெருக்கடி இருந்தது இன்னொரு காரணம். வைனை மூடுகிறோம் என்று சொன்ன அதே நாளில், ஊழியர்களில் 9 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாகவும் சொன்னார்கள்.

ஆனால் நமக்குப் பாடமாக இருப்பது மூன்றாவது காரணம். வீடியோ செய்து போட்டவர்களை அந்த நிறுவனம் நடத்திய விதம்.

இதை நம் பால் கணக்கில் வைத்துப் பாருங்கள். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். அங்கே கேனும் தராசும் கட்டடமும் இருக்கலாம். ஊற்ற ஆள் வராவிட்டால் அது வெறும் கேன்தான். வைனுக்குப் பால் ஊற்றியவர்கள் வீடியோ போட்டவர்கள். அவர்கள் வீடியோவைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. ஆனால் அவர்கள் வீடியோவுக்கு வைன் காசு கொடுக்கவில்லை. விளம்பரக் கம்பெனிகளை அவர்களே தேடிப் பிடித்தார்கள். யூடியூபோ 2007லிருந்தே விளம்பர வருமானத்தில் பங்கு கொடுத்து வந்தது.

2015 கடைசியில், வைனில் முன்னணியில் இருந்த சுமார் 18 பேர் ஒன்றாகச் சேர்ந்து நிறுவனத்தோடு பேசினார்கள். ஆளுக்கு 12 லட்சம் டாலர் கொடுத்தால் மாதம் 12 வீடியோ போடுகிறோம் என்றார்கள். அன்றைக்கு அது ஏறக்குறைய 8 கோடி ரூபாய். பணம் மட்டும் கேட்கவில்லை. அசிங்கமாகத் திட்டி எழுதுகிறவர்களைத் தடுக்க வழி செய்யுங்கள் என்றும் கேட்டார்கள். பேச்சு முறிந்தது. அவர்கள் ஒவ்வொருவராக வேறு இடத்துக்குப் போனார்கள். பார்க்கிற கூட்டமும் பின்னாலேயே போனது. 2016 ஜூனில் வருமானத்துக்கு வழி செய்கிறோம் என்று வைன் அறிவித்தது. மாடு கைமாறிய பிறகு தொழுவத்துக்குக் கூரை போட்டு என்ன பயன்?

அவர்கள் கேட்ட தொகை அதிகம் என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். சொசைட்டியில் ஊற்றுகிறவர் உறுப்பினர். விலை குறைந்தால் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். வைனில் அந்த உரிமை ஆரம்பத்திலிருந்தே இல்லை. சரக்கு கொண்டுவருகிறவருக்குப் பங்கும் பேச்சும் இல்லாத இடம் நிலைக்காது.

நாம் செய்ய வேண்டியது

ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணியில் கடை போடுகிறோம். கூட்டம் முருகனைப் பார்க்க வருகிறது, நம்மைப் பார்க்க இல்லை. திருவிழா முடிந்தால் பந்தலைப் பிரிப்பார்கள். செயலியும் அப்படித்தான். கடை போடலாம். சொந்த வீடு என்று நினைக்கக்கூடாது.

1. ஆர்டர் கொடுப்பவரின் பெயர், போன் நம்பர், வாங்கிய பொருள் மூன்றையும் அவரிடம் கேட்டுக்கொண்டு நோட்டில் எழுதி வையுங்கள். செயலி போனாலும் நோட்டு நம்மிடம் இருக்கும்.

2. ஒரே செயலியை நம்பாதீர்கள். எடுத்த வீடியோவைப் போனிலோ மெமரி கார்டிலோ பத்திரப்படுத்தி, இரண்டு இடத்தில் போடுங்கள்.

3. வீடியோவுக்கே பணம் வரும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்த கணக்கும் வேண்டும். குறு வீடியோ என்றால் 90 நாளில் 1 கோடி பார்வை. ஆகவே பொருள் விற்ற காசை மட்டுமே வருமானமாக எழுதுங்கள்.

4. அசிங்கமாக எழுதுபவரைத் தடை செய்யுங்கள். அதற்கு வெட்கப்படவோ வீடியோவை நிறுத்தவோ வேண்டாம். மிரட்டல் வந்தால் குழுவில் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181.

5. நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணோ ஓடிபியோ தேவையே இல்லை. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குப் பேசுங்கள்.

கடன் என்ன ஆனது?

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். அந்த உறுப்பினர் மூன்று மாத ஆர்டர் கணக்கை எடுத்துக் காட்டினார். பாதிக்கு மேல் பழைய வாடிக்கையாளர்கள் போனில் கேட்டு வாங்கியதுதான். பெரியம்மா கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்ப ஆளுங்க உன் கையிலதான் இருக்காங்க. கொடுக்கலாம்" என்றார். 10,000 ரூபாய் கொடுப்பது, 10 தவணையில் திருப்புவது, மாதாமாதம் ஆர்டர் நோட்டைக் குழுவில் காட்டுவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்றை எங்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம். கூட்டமைப்பும் உறுப்பினர்கள் செய்த பொருளை வாங்கி விற்கிறது. விலை வைக்கும்போது செய்தவரைக் கேட்கிறோமா? பணத்தை நாள் தள்ளாமல் கொடுக்கிறோமா? கேட்காவிட்டால் வைனுக்கு வந்தது நமக்கும் வரும்.

குழுவில் பேசுவோம்

* நம் குழுவில் போன் மூலம் விற்பவர்கள் எத்தனை பேர்? வாடிக்கையாளர் நோட்டு யார் யாரிடம் இருக்கிறது?
* நாளைக்கே ஒரு செயலி நின்றுபோனால், யாருடைய வருமானம் எவ்வளவு குறையும்?
* கூட்டமைப்பு விற்பனையில் உங்களுக்கு உள்ள குறை என்ன? தீர்மானமாக எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பந்தல் யாருடையதாகவும் இருக்கட்டும். வாடிக்கையாளர் நம்முடையவராக இருக்கட்டும்.