பொட்டலில் மரம் நட்டால் வானம்பாடிக்கு நல்லதா?

கேள்வி: எங்கள் ஊர் கரிசல் பூமி. ஊருக்கு மேற்கே உள்ள மேய்ச்சல் புறம்போக்கில் ஒரு சின்னக் குருவி நெட்டுக்குத்தாக மேலே போய், கல் விழுவது போலக் கீழே பாய்கிறது; தரை தொடும் முன் மறுபடி எழும்புகிறது. அது என்ன பறவை? தரையில்தான் முட்டையிடும் என்கிறார்கள். நிழலே இல்லாத அந்தப் பொட்டலில் இளைஞர்கள் சேர்ந்து மரக்கன்று நடப்போகிறோம். குருவிக்கும் நல்லதுதானே?
– வாசகர், கோவில்பட்டி வட்டாரம்

பதில்: நீங்கள் பார்த்தது சாம்பல் தலை வானம்பாடி, அதிலும் ஆண். உச்சந்தலை சாம்பல், கன்னம் வெளுப்பு, கண் வழியே ஒரு கருங்கோடு, வயிறு கருப்பு. பெண்ணுக்கு இந்த அலங்காரம் எதுவும் கிடையாது, வெறும் மண்நிறம். எட்ட நின்று பார்த்தால் பெண் சிட்டுக்குருவி என்றே நினைப்போம். நடையைக் கவனியுங்கள்: தத்திப் போனால் சிட்டு, குடுகுடுவென நடந்தால் வானம்பாடி. நெட்டைக்காலியும் நடக்கும்தான், ஆனால் அது ஒல்லி, வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பாய்ச்சல் ஆணின் இனப்பெருக்கக் காலத்து வித்தை. இறக்கையைப் படபடவென அடித்துச் சுமார் 30 மீட்டர் வரை ஏறும். பிறகு இறக்கையை ஒடுக்கித் தலைகீழாகப் பாயும். கொஞ்ச தூரம் விழுந்ததும் சட்டென மேலெழும்பி மறுபடி பாயும். கூடவே நீட்டி ஒரு சீட்டி. உட்கார்ந்து பாட மரக்கிளை இல்லாத இடத்தில் வானத்தையே மேடையாக்கிக்கொண்ட பறவை இது. இதன் உறவான ஜெர்டான் புதர்வானம்பாடி அவ்வளவு சிரமப்படாது. புதர் உச்சியிலோ கம்பியிலோ நின்று பாடிவிட்டு, அவ்வப்போது சிறிது உயரம் எழும்பி இறங்கும். மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக வேலை பார்த்தபடியே பறவைகளை ஆராய்ந்த டி.சி. ஜெர்டானின் பெயர் அதற்கு.

சாம்பல் தலை வானம்பாடிக்குத் தீனி, கூடு, ஒளிவிடம் எல்லாமே தரைதான். புல் விதைகளைப் பொறுக்கும், பூச்சிகளையும் பிடிக்கும். ஆபத்து என்றால் உடனே பறக்காது, மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடும். கூடு என்பது புல் தூருக்கும் மண்கட்டிக்கும் ஓரமாகச் சிறு குழி. உள்ளே புல், மயிர். சில சமயம் விளிம்பில் பொடிக்கற்கள். பெரும்பாலும் 2 அல்லது 3 முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். பறக்கத் தெரியும் முன்பே குஞ்சு கூட்டைவிட்டு நடந்து வெளியேறுவது வானம்பாடிகளின் வழக்கம். தரையில் தனியே நிற்கும் குஞ்சைப் பார்த்தால் ‘அநாதை’ என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் தகப்பன் பக்கத்தில்தான் இருக்கும்.

இனி மரக்கன்றுக்கு வருவோம். நல்ல எண்ணம்தான், ஆனால் இடம் தவறு. மரம் அடர்ந்தால் காக்கைக்கும் வல்லூறுக்கும் உட்கார்ந்து நோட்டம் பார்க்க இடம் கிடைக்கும், நிழல் விழுந்தால் புல் குறையும், வானம்பாடி கிளம்பிவிடும். சீமைக் கருவேலம் மண்டிய பொட்டல்களில் நடந்ததும் அதுதான். நம் அரசுக் கணக்கிலும் இப்படிப்பட்ட புல்வெளிகள் பெரும்பாலும் ‘தரிசு’ என்றே ஏறியிருக்கின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதையாவது நட்டே தீர வேண்டும் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. ஆடு மாடு மேய்ந்து புல் குட்டையாக இருப்பதுதான் இந்தப் பறவைக்குத் தோது. சில முட்டைகள் மிதிபடும், உண்மை. அதற்காக மேய்ச்சலை நிறுத்தினால் இடமே புதர்க்காடாகிவிடும்.

உலக அளவில் இது அழிவின் விளிம்பில் உள்ள பறவை அல்ல. ஆனால் தெற்காசியாவை விட்டால் இதற்கு வேறு நாடு கிடையாது. கன்றுகளைப் பள்ளி வளாகத்திலும் ஊருணிக் கரையிலும் சாலையோரத்திலும் நடுங்கள். மேற்கே உள்ள புறம்போக்கில் வேலை செய்தே ஆகவேண்டும் என்றால், முளைத்துவரும் சீமைக் கருவேலங்கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். அதையும் கூடு வைக்காத மாதங்களில் செய்யுங்கள்.