முறுக்கினால் அடங்காத கசிவு

லீவர் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் ஆவிக்குழாய் அடியில் சீறினால், ஸ்பேனரை எடுத்து இன்னொரு சுற்று முறுக்கத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். லா பவோனி யூரோப்பிக்கோலா போன்ற வீட்டு இயந்திரத்தில் அழுத்தம் ஏறக்குறைய 0.8 பார், அந்த அழுத்தத்தில் ஆவியின் சூடு சுமார் 117 டிகிரி செல்சியஸ். அன்றாடம் இந்தச் சூட்டில் வேகும்போது முதலில் கெடுவது ரப்பர் வளையம்தான். காய்ந்து இறுகிய ரப்பரை முறுக்கி மீட்க முடியாது. முறுக்கும் பலமெல்லாம் பித்தளை மரையில் இறங்கி, சின்னப் பழுதைப் பெரிதாக்கிவிடும்.

பிளக்கைக் கழற்றி, இயந்திரம் முழுக்க ஆறியபின் ஆவி வால்வைத் திறந்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். நீர் ஊற்றும் மூடியை அதற்குப் பிறகே தொடலாம். தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு ஸ்பேனரால் வால்வை அசையாமல் பிடித்து, மற்றொன்றால் நட்டைத் திருப்புங்கள். நட் திரும்ப மறுத்தால் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும். கழன்றதும் வெளிச்சத்தில் பாருங்கள். வளையம் தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். மரை மழுங்கியிருந்தால் இணைப்பையே மாற்ற வேண்டும்.

சிங்கப்பூரின் சைனாடவுனில் இருப்பவர்களுக்கு வசதி உண்டு. டவுன்டவுன் ரயில் தடத்தில் அங்கிருந்து மூன்றாவது நிலையமான ஜாலான் புசாரைச் சுற்றி ஹார்ட்வேர் கடைகள் இருக்கின்றன. அளவை வாயால் சொல்லாமல் பழைய இணைப்பையே கொண்டுபோங்கள். கால் அங்குலக் குழாயில் பிரிட்டிஷ் மரைக்கு ஓர் அங்குலத்தில் 19 புரிகள், அமெரிக்க மரைக்கு 18. முதல் ஓரிரு சுற்று இரண்டும் பொருந்துவதுபோல் தெரியும். பிறகு ஒன்றையொன்று தின்னும். இத்தாலிய இயந்திரங்களில் மெட்ரிக் மரையும் வரும். வளையம் உணவுத் தரத்து இபிடிஎம் ரப்பராக இருக்கட்டும். சாதாரண நைட்ரைல் ஆவியில் சீக்கிரம் கெட்டுவிடும். இபிடிஎம்முக்குப் பெட்ரோலிய கிரீஸ் ஆகாது, உணவுத் தரத்து சிலிக்கோன் கிரீஸே பூச வேண்டும்.

டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் போதாதா என்பார்கள். கூம்பு மரைக்கு அது உதவும். நேர் மரையில் ஆவியை அடைப்பது வளையமோ வாஷரோதான், டேப் அல்ல. எபோக்சி பூசினால், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்து அது விண்டுவிடும்; பால் படும் இடத்தில் அதைப் பூசவே கூடாது. புதிது வாங்குவதே சுலபம் என்பவர்களுக்கும் பதில் உண்டு: பழுதுபார்க்கத் தன்னார்வலர்கள் கற்றுத்தரும் ரிப்பேர் கோப்பித்தியாம் 2014 முதல் இந்த ஊரில் நடக்கிறது.

புதிய வளையத்தைப் போட்டபின் நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்துச் சூடேற்றுங்கள். கசிவைக் கையால் தேடாதீர்கள். நீளக் கைப்பிடியுள்ள குளிர்ந்த கரண்டியை அருகில் காட்டினால் ஈரம் படியும். கொதிகலனிலேயே விரிசல் தெரிந்தாலோ, பாதுகாப்பு வால்வு சிக்கியிருந்தாலோ வீட்டில் கைவைக்காமல் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.