பாசறை நடத்தவும் படிக்க வேண்டும்

வாசிக்க: யோவான் 21:1–15

முகாம் என்ற சொல்லுக்கு எமது பகுதியில் பல காலமாக இரண்டே பொருள்தான் இருந்தது. ஒன்று அகதி முகாம், மற்றது இராணுவ முகாம். 2007 மார்ச்சில் படுவான்கரைக் குடும்பங்கள் வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்த நாட்களில், அந்தப் பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் ஒருநாள் நிகழ்ச்சி நடத்தினோம். பலகையில் "சிறுவர் முகாம்" என்று எழுதினோம். காலையில் விசில் ஊதி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பெயர் வாசித்தோம். நாலாவது பெயர் வாசிக்கும்போதே ஒரு சிறுவன் நடுங்கி அழத் தொடங்கினான். அவனுடைய அம்மம்மா எம்மை ஒருபுறமாக அழைத்துச் சொன்னா: "மகன், அவன்ட அப்பாவக் கொண்டு போனதும் இப்பிடி வரிசையில வச்சுப் பேர் கூப்பிட்டுத்தான்."

எம்மிடம் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. பாட்டுப் புத்தகமும் பந்தும் பிஸ்கட் பெட்டியும் கொண்டுபோயிருந்தோம். பிள்ளைகளை வெளியிடத்தில் வழிநடத்துவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில் என்பதைத்தான் அறியாதிருந்தோம். அதன் பின்னர் "பாசறை" என்று சொல்லத் தொடங்கினோம். (பழந்தமிழில் பாசறை என்பதும் போருக்குப் போன அரசன் தங்கும் இடம்தான்! சாரணர் புண்ணியத்தில் அது இப்போது பிள்ளைகளின் சொல்லாகிவிட்டது.)

திருச்சபைகளில் இந்த ஊழியம் மிக எளிமையாகத் தொடங்கியது. 1868ஆம் ஆண்டுக் கோடையில் வேல்ஸ் நாட்டின் லண்டுட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் மணலிலே ஒரு திருவசனத்தைப் பெரிதாகக் கீறி, அங்கே நின்ற பிள்ளைகளைக் கொண்டு சிப்பியாலும் கடற்பாசியாலும் அலங்கரிக்கச் செய்தார். 1907இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் நடத்திய பாசறையில் செல்வந்தர் வீட்டுப் பையன்களும் தொழிலாளர் வீட்டுப் பையன்களும் ஒரே அணிகளில் சேர்ந்திருந்தார்கள். இன்றோ இது பட்டப்பின் படிப்பாகவும் வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் வீட்டன் கல்லூரி என்னும் கிறிஸ்தவக் கல்லூரி, விஸ்கொன்சின் மாநிலத்தின் காட்டு ஏரிப் பகுதியில் 1951 முதல் ஹனிறொக் என்ற பாசறையை நடத்தி வருகிறது. வெளிக்களத் தலைமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் படிப்போர் அங்கேயே தங்கி, பிள்ளைகளை வழிநடத்திக்கொண்டே கற்கிறார்கள்.

மரம் ஏறவும் கயிறு கட்டவும் முதுமாணிப் பட்டமா என்று நம்மவர்கள் சிரிக்கக்கூடும். இத்தகைய படிப்பின் மையம் வேறு. ஒரு காரியத்தைச் செய்வது, நின்று அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒன்றை விளங்கிக்கொள்வது, அதை வைத்து மறுபடியும் செய்வது என்ற சுழற்சியே அது. கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் நாலு பிள்ளைகள் படுவான்கரையை நோக்கித் தோணி வலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்று முகத்தில் அடிக்கும், தோணி வட்டமிடும், ஒருவரையொருவர் ஏசுவார்கள். பழக்கமில்லாத தலைவர் துடுப்பைப் பறித்துத் தானே வலிப்பார். படித்தவர் ஆபத்தில்லாத ஆழத்தில் அவர்களை விட்டுவைத்து, கரையேறிய பின், "எப்போது தோணி நேராகப் போனது?" என்று மட்டும் கேட்பார். பதிலைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இதற்கெல்லாம் அமெரிக்கா போகச் சொல்ல வரவில்லை. அதற்குப் பணமும் ஆங்கிலமும் வேண்டும். எமது நகரிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். அடிகளார் உளவளத்துணையில் பயிற்சி பெற்றவர். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். அங்கே களிமண் பிசைந்தார்கள், செடி நட்டார்கள், படம் கீறினார்கள், கதை கட்டி நடித்தார்கள், மிருகங்களைப் பராமரித்தார்கள். உனக்கு என்ன நடந்தது என்று எவரும் பிள்ளையைத் துருவிக் கேட்கவில்லை. வழிநடத்தியவர்களோ இந்த மண்ணின் இளைஞர் யுவதிகள். போரை அவர்களும் அனுபவித்தவர்கள். அதனாலேயே அதட்டாமல் பக்கத்தில் இருக்கத் தெரிந்தது என்பது என் எண்ணம்.

யோவான் 21ஐ இந்தக் கண்ணோடு வாசியுங்கள். இரவெல்லாம் ஒன்றும் அகப்படாமல் களைத்து வந்தவர்களுக்குக் கரையிலே கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாக இருக்கின்றன. அவர்கள் பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார் ஆண்டவர். பேதுருவிடம் அந்தக் கடினமான கேள்வியைக் கேட்பது சாப்பிட்டு முடிந்த பிறகே. முதலில் பசி, பின்பு பேச்சு. எமது பாசறைகளில் பிரசங்கம் நீண்டு சோறு ஆறிப்போவதை எத்தனை தரம் கண்டிருக்கிறோம்!

கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை இந்தப் படிப்பின் பாதியை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. எந்தச் சேற்றில் கால் புதையும், எந்தப் பற்றையில் பாம்பு கிடக்கும், யானை எந்த வழியாக வரும் என்பதை வரம்பில் நடந்தே கற்றது. இடம்பெயர்ந்து வாழும் வீடுகளில் இந்த அறிவுதான் முதலில் அழிகிறது. வயலைக் காணாமல் வளரும் பிள்ளைக்கு அப்பப்பாவின் பரண் வெறும் கதை. பாசறைக்கு அந்த அப்பப்பாவையே வளவாளராக அழைக்கலாம், பட்டம் தேவையில்லை.

மற்றப் பாதியைக் கற்றே ஆக வேண்டும். பிள்ளைகள் போகுமுன் தலைவர் அந்த நிலத்தை நடந்து பார்த்திருக்க வேண்டும். தண்ணீரில் இறங்குமுன்னும் ஏறிய பின்னும் தலை எண்ண வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது, அவர் உபதேசியாரானாலும் சரி. இடிமுழக்கக் காலத்துக்கு ஒரு கணக்குண்டு. மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணுங்கள். 30க்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றர் தூரத்துக்குள் விழுந்திருக்கிறது. உடனே வாவியையும் வயல்வெளியையும் விட்டுச் சுவருள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும். மரத்தடியோ வாடியோ உதவாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக் கூடாது.

குழுவாகக் கலந்துரையாட:

உங்கள் பிள்ளைக்கு முகாம் என்றதும் என்ன நினைவு வருகிறது? வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

உங்கள் பழைய ஊரின் நிலத்தையும் நீரையும் நன்கு அறிந்த முதியவர் யார்? அவர் எதைக் காட்டிக்கொடுக்க முடியும்?

பெயர் வாசிக்காமலும் விசில் ஊதாமலும் 30 பிள்ளைகளை எவ்வாறு ஒன்றுசேர்ப்பீர்கள்?