விளக்குக் கம்பத்துக்கு வாரிசு யார்?

ஸ்மார்ட் சிட்டி திட்டம் முடிந்துவிட்டதாமே! அதில் வந்த தெருவிளக்கும் கேமராவும் பழுதானால் இனி யாரைப் பிடிப்பது?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

டெல்லியை மறந்துவிடுங்கள். உங்கள் மாநகராட்சியைப் பிடியுங்கள்! 2016-இல் சேலம் சேர்ந்த அந்தத் திட்டம் 2025 மார்ச் 31-உடன் முடிந்தது. திட்டத்துக்குத்தான் கடைசி நாள். தெருவிளக்கு மாநகராட்சியின் வேலைதான், அதற்குக் கடைசி நாள் கிடையாது.

விளக்கு எரியாவிட்டால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு அம்மாபேட்டை மண்டல அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 'பிள்ளையார் கோயில் பக்கத்துக் கம்பம்' என்றால் ஊரில் எத்தனை பிள்ளையார்! புகார் எண் வாங்காமல் திரும்பாதீர்கள். அசையவில்லையா, 1100-க்குப் பேசுங்கள். 'முதல்வரின் முகவரி' துறைக்குப் போகும்.

கேமரா சங்கதி வேறு. அது ஓடுகிறதா, தூங்குகிறதா என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது. பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், எதுவரை, பழுதை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும்? இந்த மூன்றையும் ஏரியா சபையில் கவுன்சிலரிடம் கேளுங்கள். கிராம சபை போல நகரத்துக்கும் 2022 நவம்பர் 1 முதல் அது இருக்கிறது, நாம்தான் போவதில்லை. அவர் பதில் மழுப்பலாக இருந்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் நகலெடுத்துத் தெருமுனை டீக்கடையில் ஒட்டிவிடுங்கள்.